கியோத்தோவில் என்ன சாப்பிடலாம், ராணி?

மொன்றியலில் என் டாக்சியில் ஏறுகிற வெளியூர்க்காரர்கள் கோயிலுக்கு வழி கேட்பதற்கு முன்னால் சாப்பாட்டுக்குத்தான் வழி கேட்பார்கள். நானும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். காதலியோடு வந்தவர் என்றால் பழைய நகரத்துக் கல் வீதியில் மெழுகுதிரி ஏற்றி வைத்திருக்கும் கடை. குளிரில் நடுங்குகிறவர் என்றால் விறகடுப்பில் வேகும் பேகல் என்ற வளைய ரொட்டி. பசி கண்ணை மறைக்கிற மாணவர்கள் என்றால் பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பாற்கட்டி போட்டுக் குழம்பு ஊற்றிய புட்டீன். எங்கள் ஆட்கள் என்றால் பேச்சே இல்லை, நேரே பார்க் எக்ஸ்டென்ஷன், கொத்துரொட்டி. ஊருக்கெல்லாம் சாப்பாடு காட்டிய எனக்கு, என் மனைவிக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் போன வருடத்தில்தான் நாங்கள் கியோத்தோவுக்குப் போனோம்.

ராணிக்கு மார்பில் புற்றுநோய் வந்திருந்தது. முதல் சுற்று மருந்து ஏற்றி முடித்திருந்தார்கள். மருந்து நோயை என்ன செய்ததோ தெரியாது, நாக்கைச் செத்துப்போகச் செய்துவிட்டது. "எதை வாயில வைச்சாலும் தகரத்தை நக்கின மாதிரிக் கிடக்கு" என்பாள். ரொக்ஸ்பரோவில் இருக்கும் அவளுடைய அக்கா நண்டும் இறாலும் போட்டுக் கூழ் காய்ச்சிக்கொண்டு ரயிலேறி வருவார். பங்குக் கோயில் பெண்கள் முறை வைத்து இடியப்பமும் சொதியும் அனுப்பினார்கள். அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, இரண்டு வாய் வைத்து, தட்டைத் தள்ளி வைப்பாள். மிச்சத்தையெல்லாம் நான் சாப்பிட்டேன். அவள் மெலிய மெலிய நான் கொழுத்தேன்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். இன்னும் நிறை குறைந்தால் இரண்டாம் சுற்று மருந்தை உடம்பு தாங்காது, தள்ளிப்போட வேண்டும், தள்ளிப்போடுவது நல்லதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கியோத்தோவிலிருந்து ஜெராட் தொலைபேசி எடுத்தான். ஜெராட் ராணியின் ஒரே தம்பி. படிக்கப் போன இடத்தில் யுமிக்கோ என்ற பெண்ணைக் கட்டி அங்கேயே இருந்துவிட்டான். மகள் பிறந்திருக்கிறாள், ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், அக்காதான் ஞானத்தாய் என்றான். ராணி பெட்டியை இறக்கிவிட்டாள். டொக்டர் அரை மனதோடு சம்மதித்து, பச்சை மீன் வேண்டவே வேண்டாம், திரும்பி வந்ததும் நேரே தராசில் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஜப்பானுக்குப் போய்ப் பச்சை மீன் சாப்பிடாமல் வந்த தமிழர் கூட்டத்தில் நாங்களும் சேர்ந்தோம்.

கியோத்தோ நிலையத்துக்கு வெளியே டாக்சி நின்றது. தொழில் பாசம் விடுமா? ராணிக்குக் கதவைத் திறந்துவிடலாம் என்று பாய்ந்து போனேன். கதவு தானாகவே திறந்து என் முழங்காலில் மோதியது.

"அத்தான், தொடாதேங்கோ, அது தானாத் திறக்கும்!" என்று ஜெராட் கத்தினான். சாரதி இறங்கி வந்தார். வெள்ளைக் கையுறை, தொப்பி. என் முகத்தைப் பார்த்து ஒரு முறையும் முழங்காலைப் பார்த்து ஒரு முறையும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். உள்ளே இருக்கைக்கு வெள்ளைப் பின்னல் உறை போட்டிருந்தது. மாரிகாலத்தில் வீதியில் தூவும் உப்பும் சேறும் அப்பிக் கிடக்கும் என் வண்டியை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

நாங்கள் தங்கியது யுமிக்கோவின் தகப்பன் வீட்டில். அவர் இளைப்பாறிய ரயில் சாரதி. மனைவி போன பிறகு சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "ஐயா" என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய், கடைசி நாள் வரை அதற்கே திரும்பிப் பார்த்தார்.

அன்றிரவு ஐயா சமைத்ததைப் பார்த்துத் திகைத்துப்போனேன். எள் அரைத்துப் பிரட்டிய கீரை, தோலோடு அவித்த பூசணி, பொரித்த தோஃபு என்ற சோயாக் கட்டியோடு ஏதோ இலை, ஊறுகாய் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. ஒரு கிண்ணத்தைப்போல இன்னொன்று இல்லை. எங்கள் வீட்டில் ஒரு தட்டு, அதில் சோறு, சோற்றின்மேல் எல்லாக் கறியும். இங்கே பூசணிக்குக்கூடத் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கியோத்தோ போகிறவர்கள் பெரிய கடைக்கு ஓடாமல் முதலில் இப்படிச் சின்னக் கிண்ணங்களில் வீட்டுச் சாப்பாடு தருகிற கடையாகப் பார்த்துப் புகுந்துவிடுங்கள். ராணி பூசணியில் இரண்டு துண்டு சாப்பிட்டுக் குச்சிகளை வைத்துவிட்டாள். ஐயா அதைக் கவனித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்களுக்கு இறைச்சி இல்லாத நாள். கிழக்கு மலையடியில் ஒரு கோவிலுக்குப் பக்கத்தில் தோஃபு மட்டுமே சமைக்கிற கடை உண்டு என்று ஜெராட் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பஸ்ஸில் பின் கதவால் ஏறி முன் கதவால் இறங்க வேண்டுமாம். நான் மொன்றியல் பழக்கத்தில் முன் கதவுக்கே போய் நின்றேன். இறங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வழியை மறித்து நின்றவன் நான், மன்னிப்புக் கேட்பவர்கள் அவர்கள். இந்த ஊரில் பிழை விட்டால் அதன் பாரம் முழுவதும் எதிரில் நிற்பவர் தலையில் விழுந்துவிடுகிறது.

அத்தோடு முடியவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கோவில் வந்தது, ஆறு வந்தது, பிறகு பார்த்தால் நாங்கள் புறப்பட்ட நிலையமே வந்தது. அது நகரத்தை வட்டமாகச் சுற்றுகிற பஸ். எத்தனையோ வருடமாக அங்கேயே குடியிருக்கும் என் மைத்துனர் எதிர்த்திசை வண்டியில் ஏற்றியிருக்கிறார். பின் இருக்கையில் இரண்டு வயதான பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இந்த வெளிநாட்டுக்காரர் கெட்டிக்காரர், இருந்த இடத்திலயே ஊர் முழுக்கப் பாத்துப்போட்டினம் எண்டு சொல்லினம்" என்றான் ஜெராட். ராணி என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அவளுடைய தலை பாரமே இல்லாமல் இருந்தது. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். தோட்டத்தைப் பார்த்த ஒரு அறையில் பாயில் இருக்க வைத்தார்கள். அடுப்பில் ஒரு மண்சட்டி, சட்டியில் தண்ணீர், தண்ணீரில் ஒரு துண்டு கடற்பாசி, அதற்குமேல் வெள்ளைத் தோஃபுக் கட்டிகள். இதற்கா இந்தச் சுற்றுச் சுற்றினோம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒரு துண்டை எடுத்தேன். வாயில் வைத்ததும் திட்டுவதை மறந்தேன். உப்பில்லை, புளியில்லை, உறைப்பென்ற பேச்சே இல்லை, ஆனால் ஒன்றும் குறையவில்லை. சோயா அவரையின் வாசம் மெல்ல வந்து மெல்லப் போனது. வெள்ளிக்கிழமை இறைச்சியை விடுவதை நாங்கள் ஒறுத்தல் என்கிறோம். இவர்கள் அதையே விருந்தாக்கி, பார்க்க ஒரு தோட்டமும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"மெத்தெண்டு நல்லாத்தான் கிடக்கு" என்றாள் ராணி. "ஆனா என்ர வாய்க்கு ஒண்டும் தெரியேல்லையப்பா. நீங்க சாப்பிடுங்கோ."

பின்னேரம் ஒரு நூடில்ஸ் கடைக்குப் போனோம். இந்த நகரத்துக்குக் கடல் தூரம். அந்தக் காலத்தில் மீன் காய்ந்துதான் வந்து சேருமாம். அதனால் காய்ந்த மீனை மனிதராக்கும் வித்தையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. காய்ந்த ஹெரிங் மீனை இனிப்பும் உப்புமாகக் காய்ச்சி, கோதுமை மாதிரியான கறுத்த மா நூடில்ஸின்மேல் முழுசாகப் படுக்க வைத்து, சுடச்சுட ரசம் ஊற்றித் தருகிறார்கள். கியோத்தோவில் ஒரு நேரம்தான் சாப்பிட முடியும் என்றால் இதைச் சாப்பிடுங்கள் என்பேன். ராணி நூடில்ஸைத் தொடவில்லை. ஆனால் கிண்ணத்தைத் தூக்கி ரசத்தைக் குடித்தாள். இறக்கினாள். திரும்பத் தூக்கிக் குடித்தாள்.

"உந்த ரசத்தில என்ன போடுறாங்கள்?" என்று கேட்டாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. ஜெராட்டுக்குச் சமையலில் ஒன்றும் தெரியாது. "ஏதோ மீன் சீவல், அக்கா. நாளைக்கு யுமிக்கோ காட்டுவா" என்றான்.

சனிக்கிழமை யுமிக்கோ குழந்தை ஹானாவை முதுகில் கட்டிக்கொண்டு எங்களை நிஷிக்கி சந்தைக்குக் கூட்டிப்போனாள். கூரை போட்ட ஒடுக்கமான சந்து, இரண்டு பக்கமும் தின்பதைத் தவிர வேறொன்றும் கிடையாது. மொன்றியலில் எங்கள் ஜோன்-தலோன் சந்தையில் தக்காளிக்காரன் கத்தியில் குத்திய துண்டை மூக்குக்கு முன்னால் நீட்டி "கூத்தே, கூத்தே", சாப்பிட்டுப் பார் என்று பிரெஞ்சில் கூவுவான். இங்கே கூவல் இருந்தது, ஆனால் அதுவும் குனிந்துகொண்டே கூவுகிற கூவல். கடதாசிபோல மெல்லிசாகச் சீவிய கிழங்கு ஊறுகாய், தவிட்டில் புதைத்து வைத்த கத்தரிக்காய், சதுரச் சட்டியில் சுருட்டிச் சுருட்டிப் பொரித்த முட்டை. நான் ஒரு கடையையும் மனம் நோக விடவில்லை. சந்தின் நடுப்பகுதிக்கு வந்தபோது என் வயிறு இடம் கேட்டுக் கெஞ்சியது.

திரும்பிப் பார்த்தால் ராணியைக் காணவில்லை.

அவள் நாலு கடை பின்னால் நின்றுவிட்டாள். அந்தக் கடையில் ஒருவர் மரப்பெட்டியில் பொருத்திய இழைப்புளியில் ஒரு கறுத்த கட்டையை வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். றோஸ் நிறத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. சந்து முழுக்கப் புகை மணம். ராணி மூக்கை முன்னுக்கு நீட்டியபடி அசையாமல் நின்றாள். மீனவர் ஊரான பேசாலையில் பிறந்த பெண், மீன் விஷயத்தில் அவளுடைய மூக்கு பொய் சொல்லாது.

"இஞ்சருங்கோ" என்றாள். "இது மாசியெல்லோ!"

மாசியேதான். சூரை மீனை அவித்து, முள் எடுத்து, புகையூட்டி, கல்லுப்போலக் காய வைத்த அதே கட்டை. மாலைதீவுக்காரர் செய்து இலங்கைக்கு அனுப்புவதை, நாங்கள் இடித்துச் சம்பலில் போடுவதை, இவர்கள் இன்னும் பல மாதம் கிடத்திப் பக்குவப்படுத்தி, மயிரிழையாகச் சீவி, ரசத்துக்குப் போடுகிறார்கள். உலகத்தின் இரண்டு மூலைகளில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் கேட்காமல், ஒரே மீனுக்கு ஒரே வேலை செய்திருக்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ராணி நிற்கவில்லை. காய்ந்த பதம் பார்க்க இரண்டு கட்டைகளை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடொன்று தட்டினாள். கணீரென்று கேட்டது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அடுத்து அவள் ஒரு கட்டையின் நுனியை வாயில் வைத்துக் கடித்ததும் அவருடைய சிரிப்பு போய்விட்டது.

"பல்லு உடைஞ்சுபோகும், கடிக்கிற சாமானில்லை எண்டு சொல்லுறார்" என்று யுமிக்கோ பதறிப்போய் எங்கள் தமிழில் சொன்னாள். ஜெராட்டிடம் பழகிய தமிழ், அப்படியே யாழ்ப்பாணம்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றாள் ராணி. கடித்த கட்டையை வேறு யாருக்கு விற்பது? வாங்கிக்கொண்டோம். கடைக்காரர் சீவும்போது உடைந்த ஒரு சின்னச் சில்லையும் அவளுடைய கையில் வைத்தார். அவள் அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை நான் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் துப்பவில்லை.

ஞாயிறு ஞானஸ்நானம். சின்னக் கோயில், பூசை ஜப்பான் மொழியில். எங்கே எழும்ப வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்று மட்டும் எங்களுக்கு மொழியில்லாமலே தெரிந்தது. ராணி குழந்தையை நின்றுகொண்டே ஏந்துவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தண்ணீர் ஊற்றும்போது அவளுடைய முழங்கால் நடுங்குவதைக் கண்டேன். சுவாமியார் கண்டும் காணாததுபோல ஒரு கதிரையைக் காலால் நகர்த்தி அவளுக்குப் பின்னால் வைத்தார். அவள் இருந்தாள். ஹானா அவளுடைய மடியில் வீறிட்டு அழுதாள். திரும்பிப் போனதும் தராசு காத்திருக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வீட்டில் ஐயா விருந்து வைத்திருந்தார். சிவப்புப் பயறு போட்ட சோறு, தலையும் வாலும் மேலே வளைய முழுசாகச் சுட்ட மீன், காளான் போட்ட ரசம். நல்ல நாளுக்கு இதுதான் முறையாம். நான் மீனின் கன்னத்துச் சதையைக்கூட விட்டுவைக்கவில்லை. ராணி மீனில் ஒரு விரல் அளவு எடுத்தாள். சோற்றில் ஒரு வாய். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழும்பிச் சமையலறைக்குள் போனாள்.

"யுமிக்கோ, செத்தல் மிளகாய் கிடக்கோ? வெங்காயம்? தேசிக்காய் இல்லாட்டி உந்தத் தோடம்பழம் மாதிரி மணக்கிறது ஒண்டு?"

எல்லாம் வந்தது. மாசிக்கட்டையும் வந்தது. இடிக்க அவளுக்குத் தெம்பில்லை, என்னை இடிக்கச் சொன்னாள். உரல் கேட்டேன். உள்ளுக்குக் கோடு கோடாகப் பள்ளம் விழுந்த ஒரு மண் சட்டியும் மரக் கட்டையும் இருந்தது. எடுத்து வைத்து, எங்கள் ஊர்க் கணக்கில் ஓங்கி ஒரு போடு போட்டேன். மாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டி இரண்டாகப் பிளந்தது.

அது எள் அரைக்கிற சட்டியாம். அரைக்கலாம், இடிக்கக் கூடாது. அரைப்பதற்கு ஒன்று இடிப்பதற்கு ஒன்று என்று எந்த வீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது? ஐயா வந்து நின்றார். உடைந்த இரண்டு துண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சுத்தியலோடு திரும்பி வந்தார். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

அவர் மாசிக்கட்டையை ஒரு துணியில் சுற்றி, பின் வாசல் கருங்கல்லில் வைத்து, சுத்தியலை என் கையில் தந்தார். பிறகு தானும் குந்தி இருந்து துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் அடித்தேன். அவர் திருப்பித் திருப்பி வைத்தார். விருந்துக்கு வந்த உறவினர் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

ராணி நிலத்தில் இருந்து, கையால் பிசைந்து, உப்புப் பார்த்துச் சம்பலை முடித்தாள். ஐயா மரியாதைக்கு ஒரு கரண்டி வாயில் போட்டார். அவருடைய காது சிவந்தது, கண்ணால் தண்ணீர் வழிந்தது, விக்கல் பிடித்துக்கொண்டது. விக்கலோடு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமும் இந்த மீனைத் தண்ணியிலதான் போட்டனே எண்டு கவலைப்படுறார்" என்றாள் யுமிக்கோ.

மண்பானையில் கொஞ்சம் வெறும் வெள்ளைச் சோறு மிச்சம் இருந்தது. ராணி அதைக் கிண்ணத்தில் போட்டு, சம்பலை வைத்து, கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய். நான் கூரையைப் பார்த்தேன். ஜெராட் குழந்தையின் காலுறையைக் கழற்றித் திரும்பப் போட்டான். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் கிண்ணத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"சோறு முடிஞ்சுதோ?" என்று கேட்டாள் ராணி.

முடிந்துவிட்டது. யுமிக்கோ சொன்னதும் ஐயா எழும்பி அரிசி எடுத்தார். கழுவி ஊற்றினார். திரும்பக் கழுவினார். தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. பிறகு புதுத் தண்ணீர் விட்டு, மூடி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அடுப்பைத் தொடவில்லை.

"என்ன, இவர் இருந்திட்டார்?" என்றாள் ராணி.

"அரிசி ஊற வேணும் அக்கா. அரை மணித்தியாலம் ஊறாமல் அப்பா ஒருநாளும் அடுப்பில வைக்க மாட்டார்" என்றாள் யுமிக்கோ.

"அரை மணித்தியாலமோ?" ராணியின் குரல் உயர்ந்தது. நோய்க்கு முன்னால் அந்தக் குரலில்தான் அவள் என்னோடு சண்டை பிடிப்பாள். "இஞ்சை ஒரு மனுசிக்குப் பசிக்குது, இவர் அரிசியை ஊறப்போட்டுட்டு இருக்கிறார்! பசிக்குது எண்டு சொல்லு பிள்ளை!"

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. யுமிக்கோ மொழிபெயர்க்க வாய் திறந்தாள். அதற்குள் ஐயா எழும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.